சட்டைப் பையில் ஒரு நிக்கல் படிகம்

சட்டைப் பையில் இன்னொருவருடைய வேலையை வைத்துக்கொண்டு இட்லி சாப்பிடுவது சிரமமான காரியம். மயிலாப்பூரில் நான் தங்கியிருந்த மாடி அறைக்குக் கீழே ஒரு மெஸ். முதல் நாள் காலை அங்கே உட்கார்ந்து, இடது கையால் பையை அழுத்திக்கொண்டே சாப்பிட்டேன். பரிமாறியவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "நெஞ்சு வலியா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ இன்னும் ரெண்டு வெக்கறேன்" என்று வைத்துவிட்டுப் போனார்.

பைக்குள் இருந்தது நகத்தளவு நிக்கல் படிகம். நான் பினாங்கில் பிறந்தவன். அப்போது இங்கிலாந்தில் ஆராய்ச்சி மாணவன். மெட்ராஸை அதுவரை பார்த்ததில்லை. எங்கள் பேராசிரியர் ஒருநாள் கூப்பிட்டு, "உனக்கு அந்த ஊர் மொழி தெரியுமே, போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். பார்க்க வேண்டியது ஊரை அல்ல. அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் வைதேகி என்பவர் பார்த்ததாகச் சொன்ன சில பச்சைப் புள்ளிகளை.

அந்தப் புள்ளிகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எதற்கு இப்படிப் பதறினேன் என்று உங்களுக்குப் புரியாது. காற்றை அடியோடு உறிஞ்சி எடுத்த ஒரு கலத்துக்குள் சுத்தமான உலோகப் படிகத்தை வைத்து, துளியூண்டு கார்பன் மோனாக்சைடு வாயுவை உள்ளே விட்டால், அதன் மூலக்கூறுகள் உலோகத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். படிகம் கடுங்குளிரில் இருந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். லேசாகச் சூடேறினால் நகர ஆரம்பிக்கும். பந்தியில் கண்ட இடத்தில் உட்கார்ந்தவர்களை எழுப்பி வரிசையில் உட்காரவைத்ததுபோல் ஒழுங்காக அமர்ந்துகொள்ளும். இதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு எலக்ட்ரான் கற்றையைப் படிகத்தின் மேல் பாய்ச்சினால், மோதித் திரும்பும் எலக்ட்ரான்கள் திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகள் விழும் இடத்தை வைத்து மூலக்கூறுகள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று கணக்குப் போடலாம்.

சூடேறும்போது அவை இதுவரை யாரும் பார்க்காத, மிக நெருக்கமான ஒரு வரிசைக்கு மாறுகின்றன என்று வைதேகி எழுதியிருந்தார். எங்கள் கூடத்தில் அந்த வரிசை வரவே இல்லை. "அழுக்கு. படிகத்தைச் சரியாகச் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள்" என்றார் பேராசிரியர். அதனால்தான் எங்கள் படிகம், எங்கள் கேமராவோடு நான் வந்தேன். வைதேகியின் வேலை தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்குவதா, அவரை அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யும் கமிட்டி அந்த வாரக் கடைசியில் கூட இருந்தது. எங்கள் பேராசிரியர் என்ன சொல்கிறார் என்று கமிட்டி காத்திருந்தது. நான் என்ன சொல்கிறேன் என்று பேராசிரியர் காத்திருந்தார்.

காப்பி வருவதற்கு முன்னால் வைதேகியே மெஸ்ஸுக்கு வந்துவிட்டார். நாற்பதை நெருங்கும் வயது, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்த துணிப்பை. "வாங்கோ. நன்னாத் தூங்கினேளா? கொசு விட்டிருக்காதே" என்றார். பதிலுக்குக் காத்திராமல், "படிகம் எங்கே?" என்று கேட்டார்.

டப்பாவைத் திறந்து காட்டினேன். தன் மூச்சு அதன்மேல் படக் கூடாது என்று வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். அழுக்கு என்று சொன்ன மனிதர் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. உடனே அந்த நினைப்பை அடக்கிக்கொண்டேன். தீர்ப்புச் சொல்ல வந்தவன் முதல் நாளே நெகிழக் கூடாது.

பஸ்ஸில் போனோம். மந்தைவெளி தாண்டியதும் அது ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது. பினாங்கில் பஸ் நின்றால் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்போம். இங்கே கண்டக்டர் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். நானும் தள்ளினேன், ஒரு கையைப் பையிலிருந்து எடுக்காமல். பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியவர் முறைத்தார். "இன்னா சார், ஒத்தக் கைல தள்ளிகினு கீறே? பாக்கெட்ல இன்னா, பொண்டாட்டி நகையா?" வைதேகி சிரிக்காமல் அவரிடம், "அதைவிட ஒசத்தி. நீங்க தள்ளுங்கோ" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் அவருடைய இயந்திரத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கண்ணாடிக் கலம் இங்கேயே ஊதிச் செய்தது. பம்பு வேறெங்கோ வேண்டாம் என்று கழித்துப் போட்டது. எலக்ட்ரான் கற்றைக்கு மின்சாரம் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர், தொட்டால் கை பொத்துப்போகும்போல் சுட்டது. "இதைக் கொஞ்ச நேரத்துக்கு மேல விட்டு வெச்சா வெந்துடும். அதனால ஒரு பார்வை பார்த்துட்டு அணைச்சுடுவேன். பார்த்ததைக் கையால வரைஞ்சுப்பேன். பிலிமும் கிடைக்கறதில்லை" என்றார்.

"வரைந்த படத்தைப் பேராசிரியர் ஏற்க மாட்டார். போட்டோதான் வேண்டும். பிலிமில் பதிய வேண்டுமானால் கற்றை விடாமல் எரிய வேண்டும்" என்றேன். அறையில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை எடுத்து ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் திருப்பி வைத்தேன். சூடு கட்டுப்பட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வியர்வையைத் துடைத்தேன்.

படிகத்தை உள்ளே பொருத்தி, கலத்தைச் சுடவைத்துக் காற்றை எடுத்து முடிக்க இரண்டு நாள் ஆகும். அந்த நேரத்தில் கேமராவை மூடக் கறுப்புத் துணி வாங்க தி. நகர் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கறுப்பு என்று நான் சொன்னதும் எழுந்து கும்பிட்டு, "சாமி, மலைக்கா?" என்றார். கேமராவுக்கு என்றேன். முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் பினாங்கு என்று கேள்விப்பட்டதும் நன்னாரி சர்பத் வரவழைத்தார். அவருடைய சித்தப்பா அங்கே எங்கேயோ கடை வைத்திருக்கிறாராம், தெரியுமா என்றார். தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. பார்த்த மாதிரி இருக்கிறது என்றேன்.

மூன்றாம் நாள் திரவ நைட்ரஜன் வாங்க ஈக்காட்டுத்தாங்கல். படிகத்தைக் குளிர்விப்பது அதுதான். பெரிய உலோகக் குடுவையில் அங்கே நிரப்பிக் கொடுப்பார்கள். அது கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், வழியில் எவ்வளவு தாமதமோ அவ்வளவு நஷ்டம். வைதேகி வழக்கமாகக் கூப்பிடும் ஆட்டோக்காரர் ஏழுமலை ஓட்டினார். நைட்ரஜன் நிரப்பிய இரண்டு பேர் எங்களைப் பார்த்து உருதுவில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஆட்டோ கிளம்பியதும் ஏழுமலை அதை எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்தம்மா எப்பவும் தனியா வரும், இன்னைக்குத் தொணைக்கு ஒரு ஆளை இட்டாந்திருக்குது, ஆனா குடுவைய அதுவேதான் தூக்குதுன்றான் சார்." உண்மைதான். குடுவை வைதேகி மடியில் இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

மூடியோரம் வெள்ளைப் புகை கசிந்தது. "இன்னா சார், பொகை வந்துகினே கீது? வெடிச்சிடாதே?" என்றார் ஏழுமலை. வெடிக்காது என்றேன். "நீ சொல்றே. அது சொல்லணுமே" என்று சொல்லிவிட்டு ஒரு லாரியை இடதுபுறமாக முந்தினார். எனக்கு உயிரே போய்விட்டது.

அன்று மதியம் முதல் சோதனை. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. படிகம் குளிர்ந்தது, வாயுவை விட்டோம், கற்றையைப் போட்டேன். நிக்கலின் சொந்தப் புள்ளிகள் பளிச்சென்று இருந்தன, படிகம் சுத்தம். அவற்றுக்கு நடுவே வாயுவின் புள்ளிகள் மங்கலாக முளைத்தன. நைட்ரஜனை நிறுத்திச் சூடேறவிட்டோம். இனி வைதேகியின் நெருக்கமான வரிசை தெரிய வேண்டும். கேமரா திறந்தே இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. இருந்த மங்கல் புள்ளிகளும் கரைந்துபோய் திரை முழுக்கப் பச்சைப் புகை மாதிரி ஆகிவிட்டது. எங்கள் கூடத்தில் நான் நூறு தடவை பார்த்த அதே காட்சி.

மறுபடி செய்தோம். அதே புகை. மறுநாள் காலையிலும் அதேதான்.

மெஸ்ஸில் அன்று மதியம் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து மோரை மட்டும் குடித்துக்கொண்டிருந்த வைதேகி, "போன மாசம்கூடப் பார்த்தேனே. இந்தக் கண்ணாலதான் பார்த்தேன்" என்றார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு இரண்டு நாளாகவே எரிச்சல். "கையால் வரையும்போது மனசில் இருப்பது கைக்கு வந்துவிடும்" என்றேன்.

"என்னைப் பொய் சொல்றவள்ங்கறேளா?"

"இல்லை. நம்பினதையே பார்த்தவங்கன்னு சொல்றேன்."

"அது அதைவிட மோசம்" என்றார். தம்ளரை வைத்துவிட்டு, "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கடைசியா ஒரு தடவை. அப்புறம் நீங்க என்ன எழுதணுமோ எழுதுங்கோ" என்று எழுந்துபோனார். பரிமாறியவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இனி இரண்டாம் முறை சாதம் கிடையாது என்று தெரிந்தது.

திரும்பவும் ஈக்காட்டுத்தாங்கல். வரும்போது கிண்டியில் குதிரைப் பந்தயம் விட்டு ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. தோற்ற முகம், ஜெயித்த முகம், எல்லாம் ஆட்டோவைச் சுற்றி. ஒருவர் புகையைப் பார்த்துவிட்டு, "மச்சி, ஐஸ்டா! ஐஸ் குடு நைனா!" என்று மூடியில் கை வைக்கப் போனார். வைதேகி அவர் கையைத் தட்டிவிட்டார். "கைய வெச்சே, விரலு கண்ணாடி மாதிரி ஒடிஞ்சிரும்" என்று ஏழுமலை தன் பங்குக்குக் கத்தினார். கூட்டம் விலகியது. ஆனால் நேரம் போய்விட்டது. அடையாறு வந்து சேர்ந்தபோது குடுவையில் பாதிதான் மிச்சம். ஒரே ஒரு சோதனைக்குத் தாங்கும்.

படிகத்தைக் குளிரவைத்து வாயுவை விட்டோம். கற்றையைப் போட்டு, கேமராவின் கதவைத் திறந்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். மங்கல் புள்ளிகள் முளைத்தன. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

அந்த வருடம் மெட்ராஸில் மின்வெட்டு தினசரி விஷயம். ஆனால் அன்று அது எனக்கு எதிராக யாரோ செய்த சூழ்ச்சி போலிருந்தது. பம்பு மூச்சை நிறுத்தியது, ஃபேன் நின்றது. "வால்வு! வால்வை மூடுங்கோ!" என்று வைதேகி இருட்டில் கத்தினார். இருவருமே பாய்ந்து முட்டிக்கொண்டதில் கேமரா சாய்ந்தது. அவர் கைதான் முதலில் போய்ச் சேர்ந்தது. வால்வு இறுகியது. இனிக் கலத்துக்குள் இருப்பது எவ்வளவு நேரம் சுத்தமாக இருக்குமோ, அவ்வளவுதான்.

இருட்டில் உட்கார்ந்தோம். நைட்ரஜன் தீர்ந்துகொண்டிருந்தது. படிகம் யாரும் கேட்காமல் தானாகவே சூடேறிக்கொண்டிருக்கும். எல்லாம் வீண் என்று நினைத்தேன். வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டும் விட்டேன். கேட்கக் கூடாத கேள்வி.

"தி. நகர்ல எங்க அண்ணா ஆத்துல ஒரு ரூம் இருக்கு. பக்கத்துல ஸ்கூலும் இருக்கு. கணக்கு டீச்சர் வேலை வாங்கித் தரேன்னு மன்னி சொல்லிண்டே இருக்கா" என்றார். குரலில் அழுகை இல்லை.

கரண்ட் வந்தது. பம்பு உறுமியது. கேமராவைக் கழற்றலாம் என்று நான் எழுந்தேன். "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாமே" என்று சொல்லி வைதேகி கற்றையைப் போட்டார்.

திரை முழுக்கப் புள்ளிகள். மங்கல் இல்லை, புகை இல்லை. ஊசியால் குத்தினதுபோல் கூர்மையாக. அவர் வரைந்து அனுப்பிய அதே நெருக்கமான வரிசை, எங்கள் நிக்கல் படிகத்தின் மேல். "கேமரா! கேமரா!" என்றார். நான் தடுமாறிக்கொண்டு கேமராவை நேராக்குவதற்குள் புள்ளிகள் வெளுக்க ஆரம்பித்தன. கண்ணெதிரே கரைந்தன. பழைய பச்சைப் புகை.

"அணைங்கோ!" என்று அவர் அலறிய அலறலில் நான் ஸ்விட்ச்சைத் தட்டினேன். பிறகு அவர் படிகத்தைத் தாங்கும் தண்டின் திருகைத் துளி திருப்பினார். கற்றை இதுவரை படாத இடம் முன்னால் வந்தது. "இப்பப் போடுங்கோ."

போட்டேன். அதே கூர்மையான வரிசை. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தபோதே அதுவும் வெளுத்தது.

"நாம பார்க்கறதுதான் அதைக் கெடுக்கறது" என்றார் மெதுவாக.

விஷயம் அவ்வளவுதான். பாயும் எலக்ட்ரான்கள், ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை உடைத்துவிடுகின்றன. கற்றை விடாமல் எரிந்தால், அவை நகர்ந்து வரிசை சேர்வதற்குள் சிதைந்துபோகும். ட்ரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும் என்று பயந்து ஒரு பார்வையில் அணைத்த வைதேகிக்கு அது பிழைத்திருந்து காட்சி கொடுத்தது. ஃபேனைத் திருப்பி வைத்து விடாமல் எரியவிட்ட எனக்குப் புகை. மின்வெட்டு வந்து என் கையைக் கட்டிப்போட்ட கொஞ்ச நேரத்தில், இருட்டில், மூலக்கூறுகள் தங்கள் பாட்டுக்கு எழுந்து மாறி உட்கார்ந்துகொண்டன.

வைதேகி ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூன்று வருடமாக இங்கிலாந்தில் நான் எடுத்த போட்டோக்கள் அத்தனையும் கற்றையை விடாமல் எரியவிட்டு எடுத்தவை. வாயு வரிசை மாறுவதே இல்லை என்று அவற்றை வைத்துத்தான் என் ஆராய்ச்சி நூலை எழுதியிருந்தேன். அங்கே திரும்பியதும் சமர்ப்பிக்க வேண்டியது. என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ" என்றார்.

கலத்துக்குள் மின்வெட்டின்போது சேர்ந்த அழுக்காக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை எனக்கு. வெட்கமாக இருந்தாலும் உண்மை. மறுநாள் விடியற்காலையிலேயே நைட்ரஜன் கொண்டுவந்து, படிகத்தைப் புதிதாகச் சுத்தம் செய்து, சூடேறும் வரை கற்றையைப் போடாமல் காத்திருந்தோம். போட்ட கணத்தில் வரிசை வந்தது. இடத்தை மாற்றி மாற்றிக் கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் போட்டோ எடுத்தேன். லேசாகத்தான் பதிந்தது. ஆனால் பதிந்தது. நப்பாசை செத்தது.

தந்தி கொடுக்க மயிலாப்பூர் தபாலாபீஸுக்குப் போனோம். கமிட்டி மறுநாள் கூடுகிறது. அதற்குள் பேராசிரியரின் பதில் வந்தாக வேண்டும். பாரத்தில் ஒரே வாக்கியம் எழுதினேன்: 'வைதேகி சொன்ன வரிசை உண்மை, நம் படிகத்திலேயே பார்த்தேன்.' அவரிடம் காட்டினேன்.

படித்துவிட்டு, "எனக்கு இது போதும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மத்ததை நீங்க ஊருக்குப் போய் நிதானமா சொல்லிக்கலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பேராசிரியரை எனக்குத் தெரியும். அப்படியானால் நமக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பார்; பதில் இல்லாவிட்டால் அழுக்கு என்பதிலேயே நிற்பார். காரணத்தைச் சொல்லாத தந்தியால் வைதேகிக்கு வேலை நிலைக்காது. இது அவருக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்தே, எனக்காக, போதும் என்று சொன்னார்.

பாரத்தைத் திரும்ப வாங்கி அடியில் எழுதினேன்: 'கற்றை மூலக்கூறுகளை உடைக்கிறது. என் படங்கள் எல்லாம் தவறு.'

கவுன்டரில் இருந்த குமாஸ்தா உதட்டை அசைத்து முழுவதையும் படித்தார். யாரும் சாகவில்லை, யாருக்கும் கல்யாணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "அர்ஜென்டா, ஆர்டினரியா?" என்று கேட்டார்.

ஆர்டினரி என்றால் மெதுவாகப் போய்ச் சேரும். அதுவரைக்கும் இங்கிலாந்தில் என் பெயர் பழையபடியே இருக்கும். ஒருவேளை இன்னும் ஒரு முழு நாள். வைதேகி கொஞ்சம் தள்ளி நின்று, ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் திரும்பி நின்றார்.

"அர்ஜென்ட்" என்றேன். குரல் எழவில்லை போலிருக்கிறது, குமாஸ்தா மறுபடி கேட்டார். இந்த முறை வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.